மறு: "மீட்புப் பட்டி" – ஒரே சொல்லில் அடக்க வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் அகராதிக்கான வாகனச் சொற்களின் வரைவில் இந்த ஒரு பதிவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை:

> மீட்புப் பட்டி: புதைந்த வாகனத்தை இழுத்தெடுக்கும் துணிப்பட்டி. இழுவைப் பட்டி என்றும் வழங்கலாம்.

இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே சாமான் இல்லை, ஒன்றென்று நம்பி வாங்கிக் கொளுவினால் ஆள் சாகக்கூடிய அளவுக்கு வேறுபட்டவை. அகராதியில் ஒரே பெயர் போட்டுவிட்டால் அந்தத் தவறுக்கு நாங்களே வழி செய்தவர்கள் ஆவோம்.

எங்கள் பக்கத்தில் இது எவ்வளவு தேவையான விசயம் என்று முதலில் சொல்கிறேன். மாரி பிடித்தால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் பாதைகள் சுரியாகிவிடும் (சேறாகிவிடும்), வெள்ளாவெளி, வவுணதீவுப் பக்கம் கெப் (பிக்கப் வாகனம்) புதைவதும், அறுவடை நேரத்து ஈரத்தில் வெட்டு மெசின் இறங்கிவிடுவதும், நெல் ஏற்றிய லொறி வரம்போரம் சாய்ந்து நிற்பதும் வழமை. தெற்கே திருக்கோவில், பொத்துவில் பக்கம் போனால் கடற்கரை மணல். இழுக்க வருவது உழவு இயந்திரம், கட்டுவது சங்கிலி, இல்லாவிட்டால் தோணிக்கு வைத்திருந்த பழைய கயிறு. இப்போது கெப் வைத்திருக்கிறவர்கள் பட்டி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: பெல்ட். லொறியில் சாமானை இறுக்குவதும் பெல்ட், பழுதான வாகனத்தை றோட்டால் இழுத்துப் போவதும் பெல்ட், சுரியில் இருந்து பிடுங்குவதும் பெல்ட்.

பிடுங்குவதற்கென்று செய்த பட்டி நைலோன். அது இழுபடும். 9 மீற்றர்ப் பட்டி என்றால் பாரம் ஏறும்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நீளும். இழுக்கிற வாகனம் கொஞ்சம் தளர்வு விட்டு மெதுவாக ஓடிவரும், அந்த ஓட்டத்தின் இயக்கச் சக்தி பட்டியின் நீட்சிக்குள் போய்ச் சேரும், பிறகு பட்டி சுருங்கும்போது புதைந்த வாகனத்தை இழுத்துத் தரும். அதனால்தான் தன்னைவிடக் கனமான வாகனத்தைக்கூட ஒரு கெப் வெளியில் எடுக்கிறது. இழுவைப் பட்டி பொலியெஸ்டர். அது அவ்வளவாக நீளாது, நீளவும் கூடாது, றோட்டில் ஒரே சீராக இழுத்துப் போவதற்குத்தான் அது. அதைக் கட்டி ஓடிவந்து இழுத்தால் அவ்வளவு அதிர்ச்சியும் ஒரே கணத்தில் கொளுவியிலும் செசியிலும் (வாகனத்தின் அடிச்சட்டத்திலும்) விழும். 2,000 கிலோகிராம் வாகனம் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலே ஏறத்தாழ 7,700 யூல் சக்தி, 20 கிலோமீற்றரில் வந்தால் அதன் நான்கு மடங்கு. அறுவது பட்டியாக இருந்தால் ஒரு மாதிரி, ஆனால் கொளுவிய இரும்பு கழன்று பறந்தால் அது கெட்டபோல் கல்தான், முன்னால் நிற்பது கண்ணாடியா ஆளா என்று அது பார்க்காது. டிரெய்லர் கொளுவும் உருண்டையில் பட்டியைப் போட்டு, அந்த உருண்டை முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

சரி, இனிப் பெயருக்கு வருகிறேன். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'வார்' பழந்தமிழ்ச் சொல், அதையே அடிச்சொல்லாக வைக்கலாம்.

செருப்பு வார் நல்ல சொல்தான். ஆனால் கூட்டுச் சொல்லில் சிக்கல் வருகிறது: 'மீள்வார்' என்று எழுதினால் யாரோ பெரியவர் நோயில் இருந்து மீண்டு வருவார் என்றல்லவா வாசிப்பார்கள்! ஆசனப்பட்டி என்று இலங்கையில் எல்லாருக்கும் பழகிவிட்டது, பட்டியையே பிடிப்போம். மாட்டுப்பட்டியோடு குழம்பும் என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார், முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிட்டால் குழம்பாது.

'சுண்டுபட்டி' என்று வந்த முன்மொழிவு காதுக்கு நன்றாக இருக்கிறது, சுண்டி இழுத்தல் பேச்சிலும் உண்டு. ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெயரைக் கேட்கிற இளம் பொடியன் முழு அக்சிலேற்றரில் சுண்டத்தான் பார்ப்பான். ஓட்டுநர் என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்பதைவிட பட்டி என்ன செய்கிறது என்பது பெயரில் இருக்கட்டும். 'இழுபடு பட்டி' எங்கள் பேச்சுக்கு மிக நெருக்கம், ஆனால் 'இழுவைப் பட்டி'யோடு ஒரு மூச்சில் சொன்னால் எது எதுவென்று தெரியாது, தொலைபேசியில் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். ஆகவே நான் கேட்பது 'நீட்சிப் பட்டி'. வில்லில் பாரம் தொங்கவிடும் பாடத்தில் எல்லாரும் படித்த சொல் நீட்சி. 'மீட்புப் பட்டி' பொதுப்பெயராக இருக்கட்டும், அதற்குள் நீட்சிப் பட்டி, இழுவைப் பட்டி, மரக்காப்புப் பட்டி என்று தனித்தனிப் பதிவுகள் வரட்டும். கடைசியானது வின்ச் (வாகனத்தில் பொருத்திய, கம்பியைச் சுற்றி இழுக்கும் பொறி) கம்பியைக் குளக்கட்டு மருதமரத்தில் கொளுவும்போது பட்டை அறுபடாமல் சுற்றுவது. அதுவும் நீளாத வகைதான்.

பலத்தைக் குறிக்கும் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். பட்டியில் 8,000 கிலோகிராம் என்று இருந்தால் அது அறுகிற அளவு. ஷெக்கிளில் (பட்டியை வாகனத்தோடு கொளுவும் U வடிவ இரும்பு வளையத்தில்) 3.25 தொன் என்று பொறித்திருந்தால் அது பாதுகாப்பாக வேலை வாங்கும் அளவு. இரண்டுக்கும் 'தாங்குதிறன்' என்று போட்டால் ஆட்கள் இரண்டையும் நேரே ஒப்பிடுவார்கள். 'அறுசுமை', 'பாதுகாப்புச் சுமை' என்று பிரிக்கலாம் என்பது என் எண்ணம். 'பணிச்சுமை' வேண்டவே வேண்டாம், அது கந்தோர்ச் சொல்.

நீட்சிப் பட்டியின் அறுசுமை, இரண்டு வாகனங்களில் இலேசானதன் மொத்த நிறையைப் போல இரண்டு தொடக்கம் மூன்று மடங்கு இருக்க வேண்டும், சாமானும் ஆட்களும் அந்த நிறையில் சேர்த்தி. பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு: சின்ன ஜீப்புக்கு 11,000 கிலோகிராம் பட்டி போட்டால் அது போதிய அளவு நீளாது, பிறகு நீட்சிப் பட்டி வாங்கியதில் என்ன பிரயோசனம்?

பதிவின் விளக்கத்தில் பயன்பாட்டையும் இரண்டு வரியாவது சேர்க்கக் கேட்கிறேன். முதலில் மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னால் தோண்டுவது, மணலில் டயர்க் காற்றைக் குறைப்பது. பாதி வாகனங்கள் அதிலேயே வெளியில் வந்துவிடும். பட்டியைச் செசியில் பொருத்திய, அளவு குறித்த கொளுவியில் மட்டும் போட வேண்டும், வாகனத்தைக் கப்பலில் ஏற்றும்போது இறுக்கிக் கட்டுவதற்கென்று அதில் வைத்த மெல்லிய வளையம் அதற்கானதில்லை. இரண்டு பட்டிகளை ஷெக்கிளால் இணைக்கக் கூடாது, முடிச்சும் கூடாது. பட்டியின் நடுவில் ஒரு கனத்த சாக்கையாவது போர்வையையாவது போட வேண்டும். நனைந்த நைலோனின் பலம் குறையும், அடுத்தடுத்து இழுத்தால் சூடேறும், ஆறவிட வேண்டும். அப்புறம் சனம்: எங்கள் ஊரில் ஒரு வாகனம் புதைந்தால் அரை ஊர் வந்து பட்டியின் பக்கத்திலேயே நிற்கும், சின்னப் பிள்ளைகள் முன்னால். பட்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லாரையும் விலக்காமல் ஓட்டுநர் கியரே போடக் கூடாது.

வாகனத்தில் பட்டி மாட்டும் அந்த உறுதியான இடத்துக்குப் பட்டியலில் சொல்லே இல்லை. 'கொளுவிடம்' என்று முன்வைக்கிறேன், கொளுவுதல் எங்களிடம் உயிரோடு இருக்கிற வினை. ஷெக்கிளுக்கு நான் எதுவும் உருவாக்கவில்லை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு வேலை செய்கிறவர்களிடம் அதற்கென்று ஒரு பெயர் இருக்கக்கூடும், அந்தப் பக்கம் இருக்கிற உறுப்பினர்கள் யாராவது கேட்டு எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.