விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: முதலில் படிக்க வேண்டியது எது?

செந்தூல் டீச்சர்:
வணக்கம். என் மடிக்கணினி 2017இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை இன்டெல், 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. 11 போடப் போனால் இந்தச் சிப் ஆகாது என்கிறது. லோயாட் பிளாசாவில் விசாரித்தேன், புதுசு 2,000 வெள்ளிக்கு மேல். நன்றாக ஓடுவதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம் என்றிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி வேலைதான்: வினாத்தாள், மதிப்பெண் பட்டியல். முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

பட்டர்வொர்த்காரன்:
டெர்மினல்தான், டீச்சர், கட்டளையைத் தட்டச்சு செய்யும் ஜன்னல். எல்எஸ் (பட்டியலிட), சிடி (கோப்புறை மாற), சிபி (நகலெடுக்க), எம்வி (நகர்த்த) என்று பத்துக் கட்டளை போதும். லினக்ஸில் சின்னமன், க்னோம், கேடிஈ என்று திரை முகப்பு ஆளுக்கொன்று; பட்டன் இடம் மாறும், இந்தக் கட்டளைகள் எங்கே போனாலும் மாறாது. மௌஸையே நம்பி வந்தால் அடுத்த மாதம் விண்டோஸுக்கே திரும்பிவிடுவீர்கள்.

தே ஓ கோசோங்:
அண்ணே, வந்தவர் கையில் முதல் நாளே கத்தியைக் கொடுக்காதீங்க. என் தங்கைக்கு நான் அதைத்தான் செய்தேன். 'பழசு' என்ற கோப்புறைக்குள் இருந்ததை அழிக்க, ஆர்எம் கட்டளையோடு பழசு, சாய்கோடு, நட்சத்திரம் என்று ஒட்டி அடிக்க வேண்டும். நட்சத்திரத்துக்கு முன்னால் ஸ்பேஸ் பார் தட்டுப்பட்டுவிட்டது. பழசை அழி, பிறகு இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி என்று அதற்கு அர்த்தம். நிச்சயமா என்று ஒரு கேள்வி இல்லை. குப்பைத்தொட்டியிலும் ஒன்றும் விழவில்லை. நிச்சயதார்த்தப் படம் அத்தனையும் போச்சு.

பட்டர்வொர்த்காரன்:
கத்தி மேல் பழி போடாதே தம்பி. டைம்ஷிப்ட் என்ற காப்பு நிரலை ஓடவிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்திருக்கும்.

தே ஓ கோசோங்:
ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது சிஸ்டம் கோப்புகளைத்தான் பிடித்து வைக்கும். ஹோம் கோப்புறையை நாமாகச் சேர்த்தால் ஒழிய தொடாது, படமெல்லாம் ஹோமில். எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் படிக்கச் சொல்வது அதனால்தான். சி டிரைவ், டி டிரைவ் என்று இங்கே கிடையாது. எல்லாம் ஒரே சாய்கோட்டின் கீழ் தொங்கும்: உங்கள் பொருள் ஹோமில், செருகிய பென்டிரைவ் மீடியா கோப்புறையில். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபட்டால் இரண்டு வேறு கோப்பு. (தமிழில் பெயர் வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை, நமக்கு ஏது பெரிய எழுத்து!) மென்பொருளையும் வலையில் தேடி இறக்காதீங்க. சாப்ட்வேர் மேனேஜரைத் திறந்தால் முக்கால்வாசி அங்கேயே இருக்கும்.

பட்டர்வொர்த்காரன்:
ஹோம் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்99 விசைப்பலகைக்கு என்ன செய்வார்? டெர்மினலில் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என் என்று அடித்து நிறுவ வேண்டியதுதான். ஒரே வரி. டீச்சர், அது கடவுச்சொல் கேட்கும்போது திரையில் நட்சத்திரம்கூட விழாமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று பயப்படாதீங்க, அடித்துவிட்டு என்டர் தட்டுங்க.

பழைய ஜன்னல்:
இரண்டு பேரும் சண்டை போடுங்க லா. டீச்சர் கேட்டது வினாத்தாள். வேர்டில் லதா எழுத்துருவில் அடித்ததை, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரேஆபிஸில் திறந்து பாருங்க. மின்ட்டோடு லதா சேர்ந்து வராது, வேறு எழுத்துரு வந்து உட்காரும், இரண்டு பக்கம் மூன்றாகும். தலைமையாசிரியருக்கு யார் பதில் சொல்வது? நான் பேசாமல் விண்டோஸிலேயே இருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பும் தந்திருக்கிறது.

தே ஓ கோசோங்:
2026க்கு அப்புறம்? எழுத்துரு நியாயமான கவலைதான். நோட்டோ தமிழ் என்ற எழுத்துரு இலவசம். பள்ளிக் கணினியிலும் வீட்டிலும் அதையே போட்டால் வரிகள் அவ்வளவாக நகராது. அச்சுக்குப் போவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. டீச்சர், உடனே நிறுவ வேண்டாம். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்க, உள்ளே எதையும் அது மாற்றாது.

செந்தூல் டீச்சர்:
சனிக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். வைஃபை தானாகவே வந்தது. விண்டோஸ் டிரைவும் தெரிகிறது, ஆனால் அதில் எழுத முடியவில்லையே?

பட்டர்வொர்த்காரன்:
விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதிதான் காரணமாக இருக்கும். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் கிடக்கும். அதனால் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைத்துவிட்டு மறுபடி ஷட்டவுன் பண்ணுங்க. பார்த்தியா தம்பி, கட்டளையே இல்லாமல் பதில் சொல்லிவிட்டேன்.

தே ஓ கோசோங்:
அது விண்டோஸுக்கான பதில், அண்ணே.

செந்தூல் டீச்சர்:
நேற்று நிறுவியாகிவிட்டது. படங்களை முதலில் வெளி ஹார்ட்டிஸ்கில் எடுத்து வைத்தேன், தங்கச்சி கதை கேட்ட பயம். தமிழ்99 ஓடுகிறது. அண்ணன் சொன்னபடி டெர்மினலையும் திறந்தேன். ஹோமுக்குப் போகச் சாய்கோடு அடித்தால் 'ழ' வந்து விழுகிறது! இரண்டுக்கும் ஒரே சாவியாம், ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துவிட்டேன்.