பவாரியாவில் நாலாம் வகுப்புக்கு அப்புறம் எந்தப் பள்ளி?

வணக்கம். ஜெர்மனியில், குறிப்பாகப் பவாரியாவில், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். அக்கா மகள் மியூனிக்கில் நாலாவது படிக்கிறாள். இங்கே பள்ளிக்கல்வி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பெர்லினில் தொடக்கப்பள்ளி ஆறு வருடம், இங்கே நாலுதான், அதாவது பத்து வயதிலேயே கிம்னாசியமா (பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் பள்ளி), ரியால்ஷூலேவா (பத்தாவது வரையான நடுத்தரப் பள்ளி), மிட்டல்ஷூலேவா (தொழில் பயிற்சிக்குத் தயார் செய்யும் பள்ளி) என்று பிரித்துவிடுகிறார்கள் (இது ரொம்ப சீக்கிரம் என்பது என் எண்ணம்). ஜெர்மன், கணக்கு, பொது அறிவு மூன்றும் சேர்ந்து சராசரி 2.33-க்குள் வந்தால்தான் நேராகக் கிம்னாசியம். இங்கே மதிப்பெண் குறைந்தால்தான் நல்லது. அவளுக்கு ஜெர்மன் மட்டும் இடிக்கிறது.

சராசரி வராதவர்களுக்கு வைக்கும் மூன்று நாள் சோதனை வகுப்புக்கு யாராவது அனுப்பியிருக்கிறீர்களா, எப்படித் தயார் செய்தீர்கள்? இல்லை, ரியால்ஷூலேயில் பத்தாவது முடித்து, ஃபாக்ஓபர்ஷூலே என்ற தொழில்சார் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தால் பயன்முறைப் பல்கலைக்கழகம் (செய்முறைப் படிப்புக்கு முக்கியத்துவம் தரும் உயர்கல்வி நிறுவனம்), பதிமூன்றாவதும் முடித்தால் பல்கலைக்கழகத்துக்கே போகலாம் என்கிறார்களே, அந்த வழியில் போன பிள்ளைகள் உண்மையில் சமாளித்தார்களா? மே மாதம் சேர்க்கை, அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.