கரண்ட் காயில் அடுப்பு சூடு போதவில்லை, ஆம்பியர் பூஜ்ஜியம் காட்டுகிறது. அவசரம்

பெகு முத்து:
அண்ணன்மாரே, காயில் அடுப்பில் தண்ணீர் கொதிக்க முன்பு கால் மணி நேரம், இப்போது அரை மணிக்கு மேல். ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் ஆம்பியர் பூஜ்ஜியம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால்தானே தடை? பூஜ்ஜியத்தால் எப்படி வகுக்க? காயிலை மாற்றிவிடவா? நாளை வெள்ளி, அம்மன் கோயிலுக்குச் சுண்டல் அவிக்க வேண்டும்.

செல்வி, ரங்கூன்:
எத்தனை வாட் அடுப்பு? வீட்டில் வோல்ட் எவ்வளவு? மீட்டரை எங்கே மாட்டினீர்கள்? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

காசி:
காயில் தேய்ந்துவிட்டது. நான் பார்த்த அடுப்பெல்லாம் இதே கதைதான். மாற்றுங்கள்.

ஒயர்மேன் பெரியவர்:
பள்ளிக்கூடப் பாடத்தை மறந்துவிட்டு மீட்டர் மட்டும் வாங்கிவிடுகிறீர்கள். ஆம்பியர் நிஜமாகவே பூஜ்ஜியம் என்றால் அடுப்பு சூடாகவே கூடாது. இரண்டு ஒயரும் சேர்ந்த முழுக் கயிற்றையும் சுற்றிக் கிளாம்பை மாட்டியிருப்பாய். போகிற ஒயரிலும் வருகிற ஒயரிலும் ஓட்டம் எதிரெதிர், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும், மீட்டர் என்ன செய்யும்? ஒற்றை ஒயரை மட்டும் பிடி.

செல்வி, ரங்கூன்:
சொன்னது சரிதான் பெரியவரே, கொஞ்சம் அன்பாகச் சொல்லலாம். முத்து, கரண்டை நிறுத்திய பிறகு வெளியுறையை மட்டும் உரியுங்கள், உள் ஒயரில் கத்தி படக்கூடாது.

பெகு முத்து:
ஆமாம், முழுக் கயிறுதான். ஒற்றை ஒயரில் 3 ஆம்பியர். வோல்ட் 160, இரவு ஏழு மணி. அடுப்பில் 230 வோல்ட் 1000 வாட் என்று இருக்கிறது.

செல்வி, ரங்கூன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 160ஐ 3ஆல் வகுத்தால் 53 ஓம் சொச்சம். அடுப்பில் எழுதியபடி பார்த்தால் 230ஐ 230ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க, 52.9 ஓம். இரண்டும் ஒன்றுதான், காயில் நன்றாக இருக்கிறது. தேய்ந்து மெலிந்திருந்தால் ஓம் கூடியிருக்கும். ஆனால் வாட் 160 பெருக்கல் 3, அதாவது 480. வோல்ட் எழுபது சதவீதமாகக் குறைந்தால் சூடு பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் வோல்ட் குறையும்போது ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது.

காசி:
அப்படியானால் வோல்ட்டைக் கூட்டும் பூஸ்டர் வாங்கிப் போடட்டும், முடிந்தது.

ஒயர்மேன் பெரியவர்:
முடியாது. பூஸ்டர் 230 வோல்ட் கொடுத்து 1000 வாட் எடுத்தால், 160 வோல்ட் லைனிலிருந்து ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இப்போது மூன்றுதான். பழைய ஒயர் என்றால் கருகும்.

காசி:
எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பூஸ்டர் இருக்கிறது, எதுவும் கருகவில்லை.

செல்வி, ரங்கூன்:
எல்லாரும் போட்டதால்தான் உங்கள் தெருவில் வோல்ட் இன்னும் இறங்குகிறது காசி அண்ணா. ஒருவர் இழுக்க இழுக்க, லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் பல்பு மங்குகிறது. அந்தக் கடைசி வீடு எங்கள் வீடு.

காசி:
அதற்கு நானா பொறுப்பு? சமைக்க வேண்டாமா?

ஒயர்மேன் பெரியவர்:
முத்து, கடலையை இப்போதே ஊறவைத்துவிடு, விடியற்காலை ஊரெல்லாம் தூங்கும்போது அடுப்பைப் போடு.

பெகு முத்து:
நாலு மணிக்கு 215 வோல்ட், 4 ஆம்பியர், 860 வாட். சுண்டல் வெந்துவிட்டது. கோயிலுக்குக் கிளம்புகிறேன், நன்றி.