வெப்பநிலையை வைத்து டெங்கி வரைபடம்: துவாஸ் ஏன் சிவக்கிறது?

தெம்பனீஸ்வாசி: வணக்கம். பாலிடெக்னிக் இறுதியாண்டு வேலைக்குச் சிங்கப்பூரின் டெங்கி அபாய வரைபடம் போடுகிறேன். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலையை ஏற்றி, சூடு கூடக் கூடச் சிவப்பு என்று நிறம் கொடுத்தேன். துவாஸ் தொழிற்சாலைகளும் சாங்கி ஓடுபாதையும் ரத்தச் சிவப்பு! டெங்கிக் குழுமம் (பக்கத்துப் பக்கத்தில் பலருக்கு நோய்) இருக்கும் எங்கள் அடுக்குமாடி புளோக்கோ பச்சை. போன வாரம்தான் அதிகாரிகள் வந்து கொசுப்புழு இருக்கிறதா என்று பூந்தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். துவாஸில் ஒரு புள்ளியின் மதிப்பு வேறு 48000 என்கிறது. எங்கே தப்பு?

ஜூரோங் அண்ணன்: 48000 தப்பில்லை தம்பி, அது இன்னும் வெப்பநிலையாக மாற்றாத எண். 0.00341802-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டுங்கள், 313 கெல்வின் வரும். அதாவது 40 டிகிரி செல்சியஸ். ஆனால் அது தகரக் கூரையின் சூடு, அதுவும் காலை 11 மணி வாக்கில் எடுத்தது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு கூரைமேலா உட்கார்ந்திருக்கிறது? கட்டிலடியில், திரைச்சீலைக்குப் பின்னால் நிழலில் இருக்கும். காற்றின் வெப்பநிலையை எடுங்கள். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் நிலையவாரியாகக் கிடைக்கும். மேகம் மறைத்த புள்ளிகளையும் நீக்கினீர்களா?

உட்லண்ட்ஸ் அக்கா: இன்னொன்று. சூடு ஏற ஏற அபாயமும் ஏறிக்கொண்டே போகாது. ஏடிஸ் எஜிப்டி டெங்கியைப் பரப்புவது 29 டிகிரி வாக்கில் உச்சம். அதற்குமேல் கொசுவின் ஆயுள் குறையும், 35-ஐ நெருங்கும்போது பரவலே நின்றுவிடும். நேர்க்கோட்டை விட்டுவிட்டு மணி வடிவ வளைவு போடுங்கள்.

தெம்பனீஸ்வாசி: ரெண்டும் செய்தேன் அக்கா. இப்போது தீவு முழுக்க ஒரே ஆரஞ்சு. இது அதைவிட மோசம்!

உட்லண்ட்ஸ் அக்கா: மோசமில்லை, அதுதான் உண்மை. சின்னத் தீவு, எங்கே பார்த்தாலும் சராசரி 27, 28 டிகிரிதான். மலை இருக்கிற ஊரில் வெப்பநிலை இடத்தைப் பிரித்துக் காட்டும். இங்கே அது எந்தப் புளோக் என்று சொல்லாது, எந்த வாரம் என்று சொல்லும். கொசு உடம்பில் வைரஸ் முற்ற 8 முதல் 12 நாள், சூடு கூடினால் இன்னும் சீக்கிரம். அதனால் வாரச் சராசரியை, சில வாரம் தள்ளி வரும் நோயாளி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எந்த இடம் என்று பார்க்க மக்கள் நெருக்கம், வீட்டின் வயது, கொசுப்பொறியில் விழும் கொசு எண்ணிக்கை இவற்றை எடுங்கள்.

ஜூரோங் அண்ணன்: குழுமம் என்பதே 150 மீட்டருக்குள், 14 நாளில் ரெண்டு பேருக்கு வந்தால்தான். அவ்வளவு சின்ன வட்டத்தை வானிலை நிலையம் எப்படிப் பிடிக்கும்?

தெம்பனீஸ்வாசி: அப்படியென்றால் தலைப்பில் 'வரைபடம்' போய் 'வார முன்கணிப்பு' வரணும். மேற்பார்வை ஆசிரியரிடம் நாளைக்கே பேசுகிறேன். ரொம்ப நன்றி அக்கா, அண்ணே.