டொபோகன் சறுக்குல (கோபுரத்துலேந்து பாய்ல உக்காந்தோ, பனில மரவண்டில உக்காந்தோ சறுக்கி இறங்குறது) ஏறுனவங்க, மனசுல நிக்கிற ஒண்ணைச் சொல்லுங்க

மியூனிக் மச்சான்:
போன அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு, அதான் எங்க மியூனிக் பீர் திருவிழாவுக்கு, அப்பா ஊர்லேந்து வந்திருந்தாரு, பீர் கூடாரம் எல்லாம் ஃபுல், சுத்திட்டு டொபோகன் முன்னாடி வந்து நின்னோம். தெரியும்ல, கூட்டம் கூடுறது சறுக்கைப் பாக்க இல்ல, ஆளை மேல ஏத்த ஓடிக்கிட்டே இருக்குற பெல்ட்டைப் பாக்கத்தான். கால வச்ச உடனே கால் மேல போயிடும், உடம்பு பின்னாடி நின்னுடும், முக்காவாசிப் பேர் மல்லாக்க விழுந்து உருளுறாங்க, அங்க வேலை செய்யுற ஆளுங்க கையைப் புடிச்சு இழுத்து மேல ஏத்துறாங்க. அப்பா பேசாம கண்ணாடியைக் கழட்டி என் கைல குடுத்துட்டுப் போனாரு. நின்ன வாக்குலயே மேல போயிட்டாரு! யாரையும் புடிக்கல. கீழ அத்தனை வெள்ளக்காரங்களும் கை தட்டுறாங்க. கோபுரத்தைச் சுத்தி பாய்ல சறுக்கி இறங்கினவர்கிட்ட எப்படிப்பா நின்னீங்கன்னு கேட்டா, "தீபாவளிக் கூட்டத்துல டிக்கெட் கிழிச்ச கால்டா இது"ன்னாரு. ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். அவர் வேலைய நான் ஒருநாளும் அப்படி யோசிச்சதே இல்ல, இன்னும் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது.

வியன்னாவாசி:
அப்பாவுக்கு ஒரு சல்யூட். ஆனா டொபோகன்னா எங்க வியன்னா பிராட்டர் பார்க்ல இருக்கறதுதான். 1913ல கட்டினது, 1945ல போர்ல எரிஞ்சுது, 1947ல மறுபடியும் மரத்துலயே எழுப்பினாங்க, அப்புறம் பல வருஷம் பூட்டிக் கெடந்து 2009ல தான் திறந்தாங்க. உச்சில நிக்கும்போது காத்து அடிச்சுது, காலுக்குக் கீழ பலகை லேசா முனகுச்சு பாருங்க, அந்தச் சத்தம் எந்த இரும்பு ரைடுலயும் வராது. மியூனிக்ல திருவிழா முடிஞ்சா பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க, இது நின்ன எடத்துலயே நிக்குது.

தேம்ஸ் தமிழ்:
எது பெருசுன்னு ஏங்க சண்டை. 2019 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல நார்விச் கதீட்ரலுக்குள்ளயே ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர், அதான் இங்கத்த கோபுரச் சறுக்கு, வச்சாங்க, சாமி கும்பிடுற எடத்துல சறுக்கா-ன்னு எவ்வளவு பேர் கொதிச்சாங்க, நானும் கோவமாத்தான் போனேன். தேங்காநார் பாயைத் தூக்கிக்கிட்டு மேல ஏறினா, கூரைல செதுக்கி வச்ச பைபிள் கதை எல்லாம் அவ்வளவு கிட்டத்துல! தரைல நின்னா அதெல்லாம் வெறும் புள்ளி தான். அதைப் பாக்க வைக்கத்தான் சறுக்கே வச்சோம்னு கோயில்காரங்க சொன்னது அப்பதான் எனக்கு உறைச்சுது. பின்னாடி நின்ன குட்டிப் பையன் "போங்க ஆன்ட்டி"ன்னு சொல்ற வரைக்கும் நான் நகரல.

பனிநாட்டான்:
பாய்ல சறுக்குறதையெல்லாம் இந்தக் கணக்குல சேக்காதீங்க, சொல்லிட்டேன். கனடாவுல கியூபெக் சிட்டில டஃபரின் டெரஸ்ல வந்து பாருங்க, 1884லேந்து ஓடுது, 250 மீட்டர் பனிச்சறுக்கு, மணிக்கு 70 கிலோமீட்டர் வரைக்கும் போகும். மரவண்டிய நாமளே கயித்தால இழுத்துக்கிட்டு மேல ஏறணும், நாலு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். எறங்கும்போது கண்ல தண்ணி வந்து இமையிலயே உறைஞ்சுது, பக்கத்துல பனிக்கட்டி மிதக்குற ஆறு, முன்னாடி உக்காந்த என் தங்கச்சி கத்துறது வாய் தெரியுது சத்தம் கேக்கல.

ஈரோடு அக்கா:
நான் ஏறினது ஒரு சின்ன ஊர்ச் சந்தைல, முழங்கை தேய்ஞ்சு தோல் உரிஞ்சுது, அவ்வளவுதான். ஆனா யாரும் சொல்லலயேன்னு சொல்றேன், பாய்ச் சறுக்குன்னா முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ் போட்டுக்கங்க, வெறும் தோல் பலகைல உரசினா சூடு பட்ட மாதிரி ஆயிடும். கைய மடில வச்சுக்கங்க, ஓரச் சுவரைப் புடிச்சு வேகத்தைக் கொறைக்கலாம்னு நெனைக்காதீங்க, நான் அப்படித்தான் வாங்கிக் கட்டினேன். பாயோட முன் நுனிய மடிச்சு காலுக்கு மேல இழுத்து விடுங்க. துப்பட்டா, சேலை முந்தானை எல்லாம் இடுப்புல இறுக்கிச் சொருகுங்க, பெல்ட் இருக்குற எடத்துல அதுவும் கூடாது, பேன்ட்தான். முதுகுவலி இருக்கறவங்க பெல்ட் பக்கமே போகாதீங்க. பெல்ட்ல நிக்கணும்னா முட்டிய மடக்கி உடம்ப முன்னாடி சாய்ங்க, நேரா நின்னா விழுந்தே தீருவீங்க. பனிச்சறுக்குக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ், கண்ணுக்கு ஸ்கீ கண்ணாடி. சின்னப் பிள்ளைய முன்னாடி உக்கார வச்சா அதோட கால வண்டிக்குள்ள மடக்கி வச்சுட்டீங்களான்னு கிளம்புறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துக்கங்க.