டிரம்பெட் வைன் இலையா தள்ளுது, பூ மட்டும் காணோம் (சேலம்)

அழகாபுரம்_மாடிவீடு:
வணக்கம்ங்க. நமக்கு சேலம் அழகாபுரம். முந்தின வருஷம் ஆடியில ஏற்காடு அடிவாரம் பக்கம் ஒரு நர்சரியில காம்பாக்ட் டிரம்பெட் வைன்னு ஒரு செடி வாங்கினோம், ரொம்ப ஏறாதுங்க, சின்ன வீட்டுக்கு தோதா இருக்கும், கொத்து கொத்தா ஆரஞ்சு பூ வரும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. மேற்கு பார்த்த காம்பவுண்டு சுவர் ஓரமா 18 இஞ்ச் சிமெண்ட் தொட்டி, மதியத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் நல்ல வெயில். மாசம் ரெண்டு தடவை கடலைப்புண்ணாக்கு ஊறவெச்சு ஊத்துறோம். பக்கத்து வீட்டுப் பக்கம் கொடி போனா அவங்க ஏதாவது சொல்லுவாங்கன்னு எங்க மாமியார் வாராவாரம் நுனியெல்லாம் நறுக்கி விட்டுடுவாங்க, அதனால செடி பார்க்க புதர் மாதிரி அழகாத்தான் இருக்கு. ஆனா இதுவரைக்கும் ஒரு மொட்டு கூட இல்லைங்க. எறும்பு வேற வரிசையா ஏறுது, மருந்து அடிக்கணுமா? போர் தண்ணிதான் ஊத்துறோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சூரமங்கலம்_தம்பி:
அக்கா டிஏபி உரம் ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்க, எங்க வீட்டு ரோஜாவுக்கு அதுதான் போடுறோம், சூப்பரா பூக்குது.

தோட்டக்காரம்மா:
தம்பி, ரோஜாவுக்கு சரி, இதுக்கு இப்ப டிஏபி வேண்டாம்ப்பா, ஏற்கனவே புண்ணாக்குல தழைச்சத்து ஜாஸ்தியா போகுது, அதான் இலையா வருது.

அழகாபுரம் அம்மா, உங்க கேள்வியிலேயே பதில் இருக்கு, மாமியார் கத்தரி. இந்தக் கொடி அந்த வருஷம் விடுற புதுக் கிளையோட நுனியிலதான் பூக்கும், பழைய தண்டுல பூக்காது. வாராவாரம் நுனியை நறுக்கினா மொட்டு கட்டுற இடத்தையே எடுத்துடுறீங்க, அப்புறம் அது பக்கத்துல கிளைக்கும், அதையும் நறுக்குவாங்க, இப்படியே போகும். வெட்டணும்னா வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாசம், செடி மந்தமா இருக்கறப்ப, நல்லா ஒட்ட வெட்டுங்க, பக்கக் கிளை ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு கணு விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடலாம், பயப்படாதீங்க, சாகாது. அதுக்கப்புறம் கத்தரியை பீரோவுல வெச்சுப் பூட்டிடுங்க.

எறும்புக்கு மருந்து வேண்டாம். இலைக்காம்புலயும் மொட்டுக்கு அடியிலயும் தேன் மாதிரி கசியும், அதைக் குடிக்கத்தான் வருது. இலைக்கு அடியில மாவுப்பூச்சி இருக்கான்னு மட்டும் ஒருக்கா திருப்பிப் பாத்துக்கோங்க, இருந்தா வேப்பெண்ணெய் கரைசல் போதும். வெட்டும்போது கையில உறை போட்டுக்கோங்க, சிலருக்கு சாறு பட்டா அரிக்கும்.

கொடிப்பிரியன்:
அம்மா சொன்னது எல்லாம் கரெக்ட், ஆனா முதல்ல அது என்ன செடின்னு பாக்கணும். நம்ம ஊர்ல டிரம்பெட்னு சொல்லி நாலஞ்சு செடி விக்கிறாங்க. இலை ஒரே காம்புல எதிரெதிரா 7ல இருந்து 11 வரைக்கும், ஓரம் ரம்பம் மாதிரி, தண்டுல இருந்து சின்ன சின்ன வேர் விட்டு சுவத்தைப் பிடிக்குதுன்னா அது கேம்ப்சிஸ், அதுதான் நிஜமான டிரம்பெட் வைன். சுவத்தையே பிடிக்காம புதரா சாயுது, இலை சின்னதா இருக்குன்னா டெகோமா கேப்பென்சிஸ், அதைத்தான் நிறைய பேர் காம்பாக்ட்னு விக்கிறாங்க, மோசமில்லை, தொட்டிக்கு அது இன்னும் நல்லாவே வரும். ரெண்டு மூணு இலை, நடுவுல சுருண்டு பிடிக்கிற பற்றுக்கம்பி இருந்தா அது ஃப்ளேம் வைன், அது குளிர்காலத்துலதான் பூக்கும், வெயில் காலத்துல எதிர்பாத்தா கிடைக்காது.

இன்னொண்ணு, கேம்ப்சிஸ்ல காம்பாக்ட்னு சொல்றது 8, 10 அடி. பழைய வகை 30 அடி ஏறும், அதோட ஒப்பிட்டுத்தான் சின்னதுன்னு சொல்றாங்க.

அழகாபுரம்_மாடிவீடு:
இப்பத்தான் டார்ச் அடிச்சு பாத்தேன் சார். ஓரம் ரம்பம் மாதிரிதான் இருக்கு, ஒரு காம்புல ஒன்பது இலை, கொத்துக்கொத்தா வேர் விட்டு பெயிண்ட்ல நல்லா ஒட்டியிருக்கு, இழுத்தா பெயிண்டும் சேந்து வருது. அப்ப கேம்ப்சிஸ்தானே? கொஞ்சம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, அது என்ன சார்?

கொடிப்பிரியன்:
ஆமாங்க, கேம்ப்சிஸ்தான். சுவத்துல இருந்து எடுத்துட்டு ஒரு வெல்டு மெஷ்ஷை சுவத்துக்கு நாலு விரக்கடை தள்ளி ஃபிட் பண்ணி அதுல கட்டி விடுங்க, இல்லன்னா பெயிண்ட் அடிக்கிறவர் உங்களைத் திட்டுவாரு.

மஞ்சளுக்குக் காரணம் உங்க போர் தண்ணி. நம்ம ஊர்ல பல இடத்துல உப்பும் சுண்ணாம்பும் ஜாஸ்தி, கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் வெட்டுற ஊருங்க இது. அந்த மாதிரி மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. அடுப்பு சாம்பல் போடாதீங்க, இன்னும் மோசமாயிடும். மேட்டூர் தண்ணி வர்ற நாள்ல ரெண்டு குடம் புடிச்சு வெச்சு அதை ஊத்துங்க, மழைத்தண்ணி கிடைச்சா இன்னும் நல்லது. கடையில செலேட்டட் இரும்புன்னு, அதாவது இந்த மாதிரி மண்ணுலயும் வேர் எடுத்துக்கிற மாதிரி தயாரிச்ச இரும்புச்சத்துன்னு கேட்டா குடுப்பாங்க, பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுக்கு மேல வேண்டாம்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு:
நடுவுல வர்றேன். நாங்க மேலே ஏற்காடு, கிட்டத்தட்ட 5000 அடி. மார்கழியில இங்க இந்தக் கொடி இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியா நிக்கும், பட்டுப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்கன்னு புதுசா வாங்குறவங்ககிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. சில்வர் ஓக் நிழல்ல வெச்சா இலை மட்டும்தான், வெயில் படுற கரையில வெச்சதுதான் பூக்குது. கீழே உங்களுக்கு வெயில் கவலையே இல்ல. ஒண்ணு மட்டும், தரையில நட்டுடாதீங்க, வேர்ல இருந்து குட்டி விட்டுட்டே போகும், நாங்க ஒரு மூலையில நட்டதை காப்பிச்செடி வரிசை வரைக்கும் தேடிப்போய் பிடுங்கிட்டு இருக்கோம். தொட்டியை ஓட்டுக்கல்லு மேல தூக்கி வைங்க, இல்லன்னா வேர் அடி ஓட்டை வழியா மண்ணுக்குள்ள இறங்கும்.

அழகாபுரம்_மாடிவீடு:
நன்றிங்க எல்லாருக்கும். புண்ணாக்கை நிறுத்திட்டேன், கல்லு நாளைக்கு வெச்சுடுறேன். இப்ப வைகாசி, தை வரைக்கும் காத்திருக்கணுமா இல்ல நுனியை விட்டாலே இந்த வருஷமே பூக்குமா?

தோட்டக்காரம்மா:
கட்டிங்குல வந்த செடியா, விதையில முளைச்சதான்னு நர்சரியில கேளுங்க. விதைன்னா 5 வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். கட்டிங்னா நுனியைத் தொடாம விடுங்க, மழை முடியறதுக்குள்ள ஒண்ணு ரெண்டு கொத்து வர வாய்ப்பிருக்கு. பக்கத்து வீட்டுப் பக்கம் போற கொடியை வெட்டாம வளைச்சு மெஷ்ல கட்டிடுங்க, மாமியாருக்கும் அந்த வேலையையே குடுத்துடலாம்.