பூசணிக்காய் உடைத்த இடத்தில் வழுக்கி விழுந்தவன் கேட்கிறேன்

கோட்டையூரான்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஆறே கால் மணி இருக்கும். காரைக்குடிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாற்சந்தியில் வலது பக்கம் திரும்பும்போது பைக்கின் முன்சக்கரம் சறுக்கியது. விழுந்த பிறகுதான் பார்த்தேன். முந்தின ராத்திரி உடைத்த நாலைந்து பூசணிக்காய், சதையும் விதையுமாகத் தார்ச்சாலை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பனியில் குங்குமம் கரைந்து சேறாகியிருக்கிறது. அதற்குள் யாரும் பொறுக்காமல் விட்ட ஒரு ரூபாய்க் காசு.

வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ஹெல்மெட்டின் வலப்பக்கம் தேங்காய் துருவியதைப் போலத் தேய்ந்துவிட்டது. அது இல்லாவிட்டால் தேய்ந்திருப்பது என் காதும் கன்னமும்.

யாரோ ஒருவரின் வண்டிக்கு விபத்து வரக்கூடாது என்று உடைத்த காய் அது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

புது வண்டி எடுத்தால் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிப்போய் அர்ச்சனை, மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். முன்னால் மிளகாய்ச் சரம், கண்ணாடியில் கறுப்புக் கயிறு. சரத்தை மறக்காமல் மாற்றுகிற நாம், டயரில் காற்று எவ்வளவு என்று மறக்காமல் பார்க்கிறோமா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாதவர்கள் 50,029 பேர், சீட் பெல்ட் போடாதவர்கள் 16,715 பேர். திருஷ்டி கழிக்காததால் இறந்தவர் என்று ஒரு கட்டம் அந்தக் கணக்கில் கிடையாது.

வண்டி விஷயத்தில் நம்மைக் காப்பாற்றுவது பழக்கம்தான், சடங்கு வெறும் மூடநம்பிக்கை என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

தேவகோட்டை வாடகை வண்டி

தம்பி, கை சீக்கிரம் குணமாகட்டும். ரோட்டில் பூசணிக்காய் உடைப்பது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மூடநம்பிக்கை என்ற சொல்லை ஏற்க மாட்டேன்.

22 வருஷமாக வாடகைக்கு ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாளாவது திருச்சி ஏர்போர்ட். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி நாள் விடிந்துவிடும். இதுவரை என் வண்டியால் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சாவி போடுவதற்கு முன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அந்த அரை நிமிஷத்தில் வீட்டுச் சண்டை, வண்டித் தவணை எல்லாம் வெளியே இறங்கிவிடும். கோபத்தோடு வண்டி எடுக்கிறவன் தேய்ந்த டயரைவிட ஆபத்தானவன். அதை இறக்கிவைக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான். உங்களிடம் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

புதுவயல் வாத்தியார்

அண்ணே, 22 வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டியது உங்கள் கையும் கண்ணும். அந்தப் பெருமையை எடுத்து எலுமிச்சம்பழத்துக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-ல் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார். பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா தீனிக்காகச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது. இன்னொன்று தலையைக் கூண்டின் மூலையில் முட்டிக்கொண்டே இருந்தது. தீனி விழுந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் விழுந்தது என்று பிடித்துக்கொண்டன. பத்திரமாக வீடு வந்து சேருகிற ஒவ்வொரு நாளும் நமக்கு விழுகிற தீனி. நாம் அன்று கட்டிய கயிற்றுக்கு நன்றி சொல்கிறோம்.

சந்தேகம் இருந்தால் ஏதாவது ஒரு காவல் நிலைய வாசலில் அடிபட்டுத் துருப்பிடித்து நிற்கிற வண்டிகளைப் போய்ப் பாருங்கள். கறுப்புக் கயிறு தொங்காத வண்டி எத்தனை என்று எண்ணுங்கள்.

தேவகோட்டை வாடகை வண்டி

அந்த வண்டிகளில் சீட் பெல்ட்டும்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் பெல்ட் பொய்யாகிவிடுமா சார்?

புதுவயல் வாத்தியார்

பெல்ட்டைத் தொங்கவிட்டால் பயன் இல்லை, போட்டால் பயன் உண்டு. இந்த வித்தியாசத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டால் உயிர் போகும் வாய்ப்பு பாதிவரை குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கயிற்றை எப்படிப் போட்டால் எவ்வளவு குறையும், சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

ஆம்பளைகள் இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா இருந்தவரைக்கும் ராகு காலத்தில் வண்டி வாசல் தாண்டாது. ஒரு திங்கட்கிழமை புதுக்கோட்டையில் கல்யாணம், ஒன்பதே முக்காலுக்குத் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு. ஏழு மணிக்கே எல்லோரும் தயார். பேத்திக்குத் தலை பின்னி முடிய ஏழரை ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். "ஒன்பது அடித்துக் கிளம்புங்க" என்று அப்பத்தா சொன்ன பிறகு அப்பச்சி பேச்சே எடுக்கவில்லை. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு முகப்பில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஒன்பது அடித்ததும் வண்டி எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். திருமயம் தாண்டி ஒரு லாரியை முந்தப்போய், எதிரே பஸ் வந்து, என் வீட்டுக்காரர் வண்டியை மண்ணில் இறக்கினார். பின் சீட்டில் நாலு பேர், ஒருவருக்கும் பெல்ட் இல்லை. மடியில் குழந்தை. அந்த ஹாரன் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம், அந்த நல்ல நேரமே எங்களைத் துரத்தியது.

அப்பத்தாமீது எனக்கு வருத்தமே கிடையாது. பேரப்பிள்ளைகள் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் வேறெதையும் நினைத்ததில்லை. நாங்கள் ஏழு இருபத்தைந்துக்கு வண்டியை எடுத்திருந்தால் அவர்கள் வாக்கும் நின்றிருக்கும், எங்களுக்கும் அவசரம் இருந்திருக்காது. நேரம் பார்க்கிற குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ராகு காலம் முடிந்து கிளம்புவதாக இருந்தால் விசேஷத்துக்குத் தாமதமாகப் போங்கள், பறக்காதீர்கள்.

அப்புறம், பின் சீட்டு பெல்ட். அதுவும் சட்டப்படி கட்டாயம், 1,000 ரூபாய் அபராதம். நம் பக்கம் இன்றும் பெல்ட்டை இழுத்தால் "என் ஓட்டத்தில் நம்பிக்கை இல்லையா ஆச்சி" என்று மனவருத்தப்படுகிறார்கள். நம்பிக்கை இருக்கிறது அப்பு, எதிரே வருகிறவனை எனக்குத் தெரியாதே.

மானாமதுரை ரயில்காரர்

ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலையில் ஒரு சடங்கு உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் ஓட்டுநர் கையை நீட்டி நிறத்தை வாய்விட்டுச் சொல்வார். உதவி ஓட்டுநர் அதைத் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்வார். வெளியாள் பார்த்தால் மந்திரம் ஓதுவதைப் போலத்தான் இருக்கும்.

ஜப்பான் ரயில்களில் இதை இன்னும் கறாராகச் செய்கிறார்கள். விரலால் சுட்டி, உரக்கச் சொல்வார்கள். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல் இதைச் சோதித்தது. எளிமையான ஒரு வேலையில் 100-க்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆகிவிட்டது. கண் பார்த்ததைக் கை காட்டி, வாய் சொல்லி, காது கேட்கும்போது மனசு வேறெங்கும் போக முடிவதில்லை.

அதனால் தேவகோட்டைத் தம்பியின் அரை நிமிஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பூஜை அன்று கற்பூரத் தட்டோடு வண்டியை ஒரு சுற்று வருகிறோம் அல்லவா? அதே சுற்றைத் தினமும் காலையில் வெறுங்கையோடு வாருங்கள். "முன் டயர் சரி, பின் டயர் சரி, பிரேக் விளக்கு சரி, அடியில் யாரும் இல்லை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். அடியில் பார்ப்பது முக்கியம். நிறுத்தின வண்டிக்குப் பின்னால் குழந்தை உட்கார்ந்து விளையாடும், பூனை படுத்திருக்கும். குறுக்கே போகிற பூனைக்குத் தருகிற கவனத்தை இதற்கும் கொடுக்கலாம்.

புதுவயல் வாத்தியார்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன் நான் சின்னவன். ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது. சோதனையைச் சடங்கோடு சேர்த்துக் கட்டினால் காலப்போக்கில் சடங்கு தங்கும், சோதனை தேய்ந்துபோகும். சுற்றி வருவார்கள், சரி சரி என்பார்கள், டயரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயுத பூஜையே அப்படி ஆகிவிட்டதே! கருவியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பழுது பார்க்க வேண்டிய நாள் அது. இன்று தண்ணீரை அடித்துக் கழுவிப் பொட்டு வைப்பதோடு முடிகிறது.

பொட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஹெட்லைட் கண்ணாடியில் அப்பிய சந்தனத்தை மறுநாள் துடைக்காமல் ராத்திரி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டேஷ்போர்டில் இடது பக்கம், ஏர்பேக் மூடிக்கு மேலேயே பிள்ளையாரைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். மோதினால் அந்தப் பை கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். மேலே இருக்கிற உலோகச் சிலை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். கும்பிடுகிற பொருளை அந்த இடத்தில் வைக்கலாமா?

மானாமதுரை ரயில்காரர்

நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். சிக்னலைப் பார்க்காமலே "பச்சை" என்று திருப்பிச் சொன்ன பையன்களை நானே கடிந்திருக்கிறேன். சொல்வதை ஒருவர், சரிபார்ப்பதை இன்னொருவர் என்று வைத்தது அதற்காகத்தான். வீட்டில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் அந்த இரண்டாம் ஆளாக இருக்கலாம்.

தேவகோட்டை வாடகை வண்டி

சிலை விஷயம் எனக்குப் புதுசு. வாத்தியார் சொன்னதைப் படித்துவிட்டுக் கீழே போய்ப் பார்த்தேன். என் பிள்ளையாரும் அதே இடத்தில்தான் இருந்தார். எடுத்து நடுவில், கியர் பக்கத்துப் பள்ளத்தில் வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நகரத்தார் பாதயாத்திரையைப் பாருங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். பெரும்பாலும் ராத்திரியும் விடியற்காலையும்தான் நடை. இப்போது பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. என் வண்டி விளக்கு பட்டதும் தூரத்திலேயே வரிசையாக மின்னும். பட்டை ஒட்டியதால் யாருக்காவது பக்தி குறைந்ததா? அவர்களிடம் இரண்டும் சேர்ந்துதானே நடக்கிறது. வாத்தியார் ஒன்றை விட்டால்தான் மற்றது வரும் என்கிறார். அது எனக்கு ஒப்பவில்லை.

கோட்டையூரான்

அண்ணே, அது நல்ல கேள்வி. நான் ஆரம்பத்தில் சொன்ன "வெறும் மூடநம்பிக்கை"யைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. பட்டை ஒட்டியவர் தெரிகிறார், ஒட்டாதவர் தெரிவதில்லை. இருட்டில் ஓட்டுகிறவன் கண்ணுக்கு வேலை செய்தது எது?

நீங்கள் கும்பிட்டு எடுத்த நாளில் ஒருமுறைகூடத் தப்பு நேர்ந்ததில்லையா? மனசாட்சியோடு சொல்லுங்கள்.

தேவகோட்டை வாடகை வண்டி

இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. திருச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன், மணி மூன்றரை. பின்னால் ஒரு குடும்பம் நல்ல தூக்கத்தில் இருந்தது. புதுக்கோட்டை தாண்டி நமணசமுத்திரம் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது சக்கரம் சரளையில் ஏறிய சத்தம். நடுவில் எத்தனை விநாடி என்று தெரியாது. வண்டியை ஓரம் கட்டினேன். கை நடுங்குவது நிற்கவே நேரமாயிற்று. அவர்கள் எழவே இல்லை. ஏதோ டீ குடிக்க நிறுத்தியதாக நினைத்திருப்பார்கள்.

அன்றும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் எடுத்தேன். முந்தின பகலிலும் தூங்கவில்லை, ஒரு ராமேஸ்வரம் வாடகை இருந்தது.

அதிலிருந்து ராத்திரி வாடகை என்றால் பகலில் நாலு மணி நேரமாவது தூங்குகிறேன். கண் ஒருமுறை சொருகினாலும் பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருபது நிமிஷம் சாய்ந்துவிடுவேன். பார்ட்டி திட்டினாலும் சரி. கும்பிடுவதை விடவில்லை, விடவும் மாட்டேன். அந்த ராத்திரி சரளைச் சத்தம் கேட்டு நான் விழித்ததை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்பது எனக்கும் குன்றக்குடி முருகனுக்கும் உள்ள விஷயம்.

புதுவயல் வாத்தியார்

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் போகும். மூன்று விநாடி என்றால் 66 மீட்டர், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இதை இங்கே எழுதியதற்கு நன்றி அண்ணே. புறாக் கதை உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். சடங்கைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

இருபது நிமிஷம் நிறுத்தினதுக்குத் திட்டுகிற பார்ட்டியை இனிமேல் ஏற்றாதீர்கள் தம்பி.

கோட்டையூரான்

நன்றி அண்ணே. வரும் ஆயுத பூஜைக்கு உங்கள் ஸ்டாண்டில் பூசணிக்காயை ரோட்டில் போடாமல் ஓரமாகச் சாக்கு விரித்து உடைத்து, அப்போதே அள்ளிவிடச் சொல்ல முடியுமா? நான் எங்கள் தெருவில் கேட்கப்போகிறேன்.

இன்னொன்று. டயரின் பக்கவாட்டில் நாலு எண் தனியாக ஒரு கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். அதுதான் டயர் பிறந்த நாள். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வரிமேடு, தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகிக் காய்ந்துபோகும். ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

தேவகோட்டை வாடகை வண்டி

ஸ்டாண்டில் நானே பேசுகிறேன். சாக்கும் விளக்குமாறும் என் பொறுப்பு.

டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் இரண்டும் 3123. பின்னால் இடது 0922. வலது பக்கம் 1415. போன வருஷம் பஞ்சர் ஆனபோது ஸ்டெப்னியை மாட்டியவன் திரும்ப மாற்றவே இல்லை. அதன் மேலேதான் ஒரு வருஷமாகத் திருச்சிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு மதுரை வாடகை. டயர் கடை ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள். பார்ட்டியிடம் பேசிப் பத்தரைக்கு மாற்றிவிட்டேன். நாளை சனிக்கிழமை, அதற்குள் ராகு காலமும் கழிந்துவிடும்.